வேலியில் ஏறிய மின்சாரம்

விருதுநகரில் பருப்புக் கடை வைத்திருக்கும் காதர் பாட்சாவின் மகள் ஹாஃபிஸாவுக்குச் சிநேகிதம் குறைவு. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நகர ரயில்களுக்கு மின்சாரம், சிக்னல், தகவல் தொடர்பு ஆகியவற்றைப் புதுப்பிக்கும் வேலையில் வெளிநாட்டில் பல வருஷம் இருந்தவள். இப்போது ஊரில் இருந்தபடியே ஆலோசனை வேலைகளை எடுத்துச் செய்கிறாள். சிவகாசிக்கு மேற்கே ரயில் பாதைக்கு மேலே மின்கம்பி இழுத்த ஒப்பந்த கம்பெனி, பாதுகாப்பைச் சரிபார்த்து ஒப்புதல் தர அவளை அமர்த்தியது.

பாதையை நடந்து பார்த்தபோது ஒரு வேலி கண்ணில் பட்டது. லட்சுமிகாந்தத்தின் பட்டாசு ஆலை வேலி. கல்தூண்களில் கட்டிய முள்கம்பி தண்டவாளத்தை ஒட்டியே வெகுதூரம் ஓடியது. வேலிக்கு உள்பக்கம் சிமெண்டு மேடையில் மருந்து அடைத்த குழாய்கள் வெயிலில் காய்ந்தன. மேலே உயர் அழுத்த மின்சாரம் ஓடினால், தொடாமலே அந்த முள்கம்பியிலும் மின்சாரம் ஏறும். ஆள் கை வைத்தால் சுருக்கென்று ஒரு பொறி. வேறு இடமென்றால் கையை உதறிவிட்டுப் போகலாம்.

நேரே ஆலை ஆபீசுக்குப் போனாள்.

“வேலியத் துண்டு துண்டா வெட்டி எர்த் பண்ணணும் அண்ணாச்சி, ஏறுற கரண்டு மண்ணுக்குள்ள போயிரும். மேடையத் தள்ளிக் கட்டணும். அதுவரைக்கும் அங்கன யாரும் வேலை செய்யக் கூடாது.”

லட்சுமிகாந்தம் அவளை உட்காரச் சொல்லவில்லை. “சீசன்ல வந்து கம்பெனிய மூடுங்கிறீக. யாரு அனுப்பிவிட்டா உங்கள?”

“ஒரு பொறி என்ன செய்யும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?”

“அப்ப உங்க கம்பியத் தள்ளிப் போடுங்க. நான் ஆலை கட்டுறப்ப அது இங்கன இல்ல.” வாட்ச்மேனைக் கூப்பிட்டார். “இந்தம்மா இனி கேட்டுக்குள்ள வரக் கூடாது.”

ஒப்பந்த கம்பெனி மேலாளர் நல்லசிவமும் அவள் பக்கம் நிற்கவில்லை. “வேலி அவுக பாடு மேடம். லைன்ல கரண்ட் விடத் தேதி குறிச்சாச்சு.”

“நான் ஒப்புதல் தர மாட்டேன்.”

“வேற ஆளப் பாத்துக்கிடுதோம்.”

அவள் பட்டாசு ஆலைகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளிடம் போனாள். அவர்கள் வந்து பார்த்து, வேலி வேலை முடியும்வரை ஆலையை மூடச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கம்பெனியால் அவளை மாற்ற முடியவில்லை. வேலியை அளவெடுக்கத் திரும்பப் போனபோது ஆலைப் பெண்கள் அவள் காரை மறித்தார்கள். முன்னால் நின்றவள் பாண்டிச்செல்வி. அவள் கணவன் வேறொரு ஆலை வெடித்ததில் இறந்தவன்.

“எம்புருசன் வெந்து செத்தப்ப ஒரு இன்ஜினியரும் எட்டிப் பாக்கல. இப்ப எங்க அடுப்ப அணைக்க மட்டும் வந்துட்டீக.”

“உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னுதான்...”

“எங்க உசுரப் பத்தி நீங்க பேசாதீக.”

யாரோ மண்ணை வாரிக் கார் கண்ணாடி மேல் வீசினார்கள். ஹாஃபிஸாவுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. ஆலையை மூடினால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு தடவையும் யோசிக்காத தன் மேலும் வந்தது.

மறுநாள் நல்லசிவத்திடம் போய், ஆபத்தைக் கொண்டுவந்தது நம் கம்பிதான், அதனால் வேலியையும் மேடையையும் கம்பெனியே செய்துதர வேண்டும், பெண்களின் கூலியையும் ஏற்க வேண்டும் என்று சண்டை பிடித்தாள். அதிகாரிகளின் பார்வை விழுந்துவிட்டதால் வேலிக்கும் மேடைக்கும் கம்பெனி இறங்கிவந்தது. கூலிக்கு அசையவில்லை.

வேலி வேலையும் மேடையும் முடிந்து பாதையில் மின்சாரம் விட்ட அன்று, ஆலைக்கு எட்டாத தொலைவில் எர்த் செய்யாமல் விட்டுவைத்த ஒரு துண்டு வேலியை ஹாஃபிஸா சோதித்தாள். எர்த் கம்பியைக் கிட்டே கொண்டுபோனதும் நீலமாகப் பொறி தாவியது. நல்லசிவம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தள்ளி நின்று பார்த்த லட்சுமிகாந்தம் பொறி தாவிய இடத்துக்கு வந்து குனிந்து பார்த்தார். பிறகு, “பாத்தாச்சுல்ல, கிளம்புங்க” என்றார்.

ஆலை திறந்தது. பெண்கள் புது மேடையில் வேலைக்குத் திரும்பினார்கள். ஒப்பந்த கம்பெனி அவளை மறுபடி கூப்பிடவில்லை. லட்சுமிகாந்தத்தின் சொந்தக்காரர்கள் காதர் பாட்சா கடைக்கு வருவதை நிறுத்தினார்கள்.

“நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. இனிமே இந்தப் பக்கம் வேலை எடுக்காத” என்றார் காதர் பாட்சா.

“அதெல்லாம் முடியாது அத்தா” என்றாள் ஹாஃபிஸா. அடுத்த வேலையைச் சாத்தூர்ப் பக்கம் எடுத்தாள். அங்கேயும் பாதையோரம் ஆலைகள் இருந்தன.