ஆற்றில் ஏறி வரும் மாப்பிள்ளை

கயிற்றின் ஏழாவது முடிச்சு விரலில் தட்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். அதுவரை படகோட்டியின் மச்சான் வாங்கிய பழைய ஸ்கூட்டரைப் பற்றி வாய் ஓயாமல் விசாரித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று ஊமையாகி, ஈயக் குண்டு கட்டிய பாட்டில் ஆற்றின் அடிச் சேற்றில் போய் உட்காருவதை உள்ளங்கையால் கேட்பார். உட்கார்ந்ததும் இடது கையிலிருக்கும் மெல்லிய நூலை வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஆழத்தில் தக்கை கழன்று பாட்டிலுக்குள் தண்ணீர் புகும். நாலைந்து குமிழிகள் மேலே வந்து உடையும்.

"வாங்க மாப்பிள்ளை. எதுவரைக்கும் வந்திருக்கீங்கன்னு பாப்போம்."

மாப்பிள்ளை என்று அவர் சொல்வது உப்பை.

நகரம் முழுவதும் குடிப்பது இந்த ஆற்றைத்தான். முப்பது கிலோமீட்டர் கீழே கடல். மழைக்காலத்தில் ஆறு கடலைத் தள்ளிவைக்கும். கோடையில் ஆறு இளைக்க, கடல் மெல்ல மேலே நடக்கத் தொடங்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கி ஓதம் உயரும்போது அதன் நடை ஓட்டமாகும். உப்புத் தண்ணீர் கனமானது. ஆற்றின் அடியோடு அடியாகத் தவழ்ந்து வரும், மேலே ஒன்றும் தெரியாது. அது எந்தப் பாலம் வரை வந்திருக்கிறது என்று தினமும் பார்த்துச் சொல்வது இவருடைய வேலை. பதவியின் பெயர் நீர் மாதிரி சேகரிப்பாளர். அந்தப் பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் சொல்லும். மற்றவர்களுக்கு அவர் மீட்டரம்மா.

"ஏம்மா மாப்பிள்ளைன்னு சொல்றீங்க?" என்று கேட்டால் விரலை மடக்கிக் கணக்குச் சொல்வார். "வர்றப்ப சத்தம் காட்ட மாட்டாரு. வந்துட்டா லேசுல கிளம்ப மாட்டாரு. மூஞ்சிக்கு நேரா போன்னு சொல்லவும் முடியாது. பின்னாலேர்ந்து நிறைய தண்ணி வந்து தள்ளினாத்தான் நகருவாரு. வேற என்னன்னு சொல்றது?" இத்தனைக்கும் அவருக்கு இரண்டுமே பையன்கள். மாப்பிள்ளை என்று அழைக்க ஊரில் ஓர் ஆள் கிடையாது.

வயது ஐம்பத்திரண்டு. உடுப்புக்கு மேலே கணவரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டியிருப்பார். கணவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இருந்த பையில் இப்போது பேனா தடிமனில் உப்பை அளக்கும் ஒரு மீட்டர். ஒரு பூட்ஸ் கறுப்பு, இன்னொன்று பச்சை. "ரெண்டு ஜோடியிலயும் ஒண்ணொண்ணு ஓட்டையாச்சு. மிச்சம் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" முழு நிலாவைக் கண்டால் எல்லோரும் முகம் மலர்வார்கள், இவர் வாய்க்குள் எதையோ முணுமுணுப்பார். கல்யாணமான புதிதில் கணவர் ஆசையாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நிலாவைக் காட்டினாராம். புதுப்பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு உப்பு ஏறும்" என்றாராம். கணவர் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை.

பாவம், அந்த மனிதருக்கு ரத்தக் கொதிப்பு. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஆற்றில் ஒரு போர் என்றால் வீட்டில் இன்னொன்று. உப்புக் கடலையை ரேடியோவின் பேட்டரிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார். ரேடியோ பாடாததால் பிடிபட்டார். ஒருநாள் அவருடைய சூப்பில் சந்தேகம் வந்து மீட்டரம்மா மீட்டரையே முக்கிவிட்டார். மீட்டர் எண் காட்ட மறுத்து ஒரு கோடு மட்டும் போட்டது. "பொண்டாட்டி கையில மீட்டரக் குடுத்த ஆபீஸ் உருப்படுமா?" என்று கணவர் தெருவுக்கே கேட்கும்படி புலம்பினார்.

போன கோடையில் புதுப் பொறியாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனாவைத் திறந்து, போட்டதும் மூடுகிறவர். ஷூவில் ஈரம் பட்டால் முகம் சுருங்கும். அவர் அறைச் சுவரில் ஒரு சிவப்பு எண் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் எடுக்கும் இடத்தில் மிதவையில் கட்டியிருக்கும் தானியங்கிக் கருவி, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று அங்கே அனுப்பும். இருநூற்றைம்பதைத் தாண்டினால் பம்பை நிறுத்த வேண்டும் என்பது விதி.

"இது இருக்கிறப்ப படகு எதுக்கும்மா? படகு ஓட்டணும்னு எந்த ஃபைல்லயும் இல்லையே?" என்றார் வந்த வாரமே.

"பழைய சார் வாயால சொன்னது சார். அந்தக் கருவி மேல மிதக்குது. உப்பு அடியில வரும். நம்ம குழாய் வாயும் அடியிலதான் இருக்கு."

"அடியில வந்தா மேலயும் கொஞ்சம் தெரியணும் இல்ல?"

"மாடிப்படி ஏறி வர்றவன் ஜன்னல்ல தெரியமாட்டான் சார்."

பொறியாளர் பேனாவை மூடினார். படகு நின்றது. கருவியைக் கீழே இறக்கச் சொல்லி மீட்டரம்மா நான்கு முறை எழுதிக் கொடுத்தார். நான்கும் மேலிடத்தின் பதிலுக்காகக் காத்திருந்தன.

உப்பு காத்திருக்காதே. அதனால் அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேருந்து பிடித்துப் பாலத்துக்குப் போகத் தொடங்கினார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கயிற்றை இறக்குவார். போகிறவர் வருகிறவர் எல்லாம் தூண்டில் போடுகிறார் என்றே நினைத்தார்கள்.

"என்னம்மா, ஏதாவது மாட்டுச்சா?"

"இன்னும் இல்லண்ணே. திமிங்கலம் ஒண்ணு வருதுன்னு கேள்வி."

கோடையின் உச்சத்தில் ஒரு பௌர்ணமி. ஆறு மெலிந்து கிடந்தது. நகரத்துக்குக் கீழே மூன்று பாலங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பது மூன்றாவது. அன்று மதியம் இரண்டாவது பாலத்தில் பாட்டிலைத் தூக்கி மீட்டரை முக்கியவர் எண்ணை இரண்டு முறை படித்தார். இரண்டாயிரத்து இருநூறு. ஓதம் உச்சிக்கு வர மாலை ஏழு மணியாகும். அதற்குள் எங்கே போய் நிற்குமோ. உடனே பம்ப் அறைக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை ரெண்டாவது பாலத்துக்கு வந்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள நம்ம வாசல்ல நிப்பாரு. என்ன செய்யப் போறீங்க?"

பம்ப் இயக்குநர் சாப்பிடப் போயிருந்தார். போனை எடுத்தவர் பொறியாளர்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்மா," என்றது அந்தக் கனிவான குரல். "முதல் தடவையா வர்றாரா?"

மீட்டரம்மா போனை மறு காதுக்கு மாற்றினார். "வருஷா வருஷம் வருவாரு சார். இந்தத் தடவைதான் கொஞ்சம் ஆர்ப்பாட்டமா வர்றாரு."

"அப்ப ஆபீசுக்குத் திரும்பி வர வேணாம். அரை நாள் லீவு எடுத்துக்குங்க. நல்லபடியா கவனிச்சு அனுப்புங்க."

"கண்டிப்பா சார். அனுப்புறதுதான் சார் முக்கியம்."

மாப்பிள்ளையைக் கவனிக்க முறையாக விடுப்புக் கிடைத்துவிட்டது. மீட்டரம்மா அடுத்த பேருந்தில் ஏறி முதல் பாலத்துக்குப் போனார். மூன்று மணிக்கு அங்கும் அடித்தண்ணீர் ஆயிரத்து முந்நூறு. பாட்டிலின் வாயை இறுக்கி மூடி, காக்கிச் சட்டையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒரு தடவை உங்களப் பாத்துட்டுப் போகட்டும்."

பொறியாளர் எழுந்து நின்று, சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எதிர் நாற்காலியில் கிடந்த காகிதங்களை அவரே எடுத்து ஒதுக்கினார். "வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க" என்று வாசலை எட்டிப் பார்த்தார். வாசலில் பம்ப் இயக்குநர் மட்டும் நின்றிருந்தார், சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கடித்தபடி.

மீட்டரம்மா பாட்டிலை மேசைமேல் வைத்தார். "இவர்தான் சார்."



"என்னம்மா இது, விளையாடுறீங்களா?"

"ஆமா சார். நேராச் சொல்லி நாலு ஃபைல் போட்டாச்சு. அதான் விளையாடிப் பாக்கிறேன்." மீட்டரைப் பாட்டிலில் விட்டு, எண்ணை அவர் பக்கம் திருப்பினார். "முதல் பாலம். இங்கேர்ந்து அஞ்சு கிலோமீட்டர்."

பொறியாளர் மீட்டரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவரில் நூற்று முப்பத்தெட்டு. கோபம் வர வேண்டிய முகத்தில் வேறு ஏதோ வந்தது. "வாங்க, நம்ம இடத்துல பாப்போம்" என்று கிளம்பினார்.

தண்ணீர் எடுக்கும் மேடை வழுக்கும். பாசியில் ஷூ சறுக்கியது. அவர் முகம் சுருங்கவில்லை. மீட்டரம்மா கயிற்றை அவர் கையிலேயே கொடுத்தார். மேலே நூற்று நாற்பது. நான்காவது முடிச்சில் நூற்றுத் தொண்ணூறு. அடிச் சேற்றில் பாட்டில் உட்கார்ந்ததை உணர அவருக்கு மூன்று முறை ஆனது. நூலை இழுத்தார். குமிழிகள் வந்தன. நானூற்றுப் பத்து. கால் மணி நேரம் கழித்து, யாரும் சொல்லாமல் அவரே மறுபடி இறக்கினார். ஐந்நூற்று இருபது.

"குழாய்ல இன்னும் நல்ல தண்ணிதானே கலந்து போகுது?" என்றார், தனக்கே சொல்வதுபோல. "நிறுத்தினா ஊரே கத்தும். மேல என்னன்னு பதில் சொல்றது? சுவத்துல இருக்கிற நம்பர் சரியாத்தான இருக்கு?"

மீட்டரம்மாவின் குரலில் அப்போது குறும்பு இல்லை. "நிறுத்தலைன்னா ஊருக்குத் தண்ணி சேத்துவைக்கிற நீர்த்தேக்கத்துல கலக்கும் சார். நம்ம ஆலை சேத்த எடுக்கும், கிருமியக் கொல்லும். உப்ப அதால ஒண்ணும் செய்ய முடியாது. ஒருதடவை கலந்தா மழை வர்ற வரைக்கும் ஊரே அதத்தான் குடிக்கணும். பால்பவுடர் கலந்து குடிக்கிற பிள்ளைங்க, சிறுநீரகம் கெட்டவங்க எல்லாரும். எங்க வீட்டுக்காரருக்கு நான் பாத்துப் பாத்து உப்பக் குறைக்கிறேன். குழாயிலயே வந்தா நான் யாரத் திட்டுவேன்?"

பொறியாளர் ஆற்றைப் பார்த்தார். பொழுது சாயும் வெளிச்சத்தில் அது கண்ணாடிபோல, ஒரு பாவமும் அறியாததுபோலக் கிடந்தது. பம்ப் இயக்குநர் பக்கம் திரும்பிக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார்.

நான்கு பம்புகளும் ஒவ்வொன்றாக அடங்கின. அந்தச் சத்தத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. அடுத்த நிமிடமே பொறியாளரின் போன் அலறியது. மேலதிகாரி. "ஆமா சார், நான்தான் நிறுத்தச் சொன்னேன்... மாப்பிள்ளை உள்ள வந்துட்டாரு சார்... இல்ல சார், மன்னிக்கணும், உப்பு, உப்பு..."

பம்ப் இயக்குநரின் தொப்பி அன்றோடு கிழிந்தது.

மறுநாள் மாலை மேடையின் அடித்தண்ணீர் ஆயிரத்து நானூற்றைத் தொட்டது. பொறியாளர் மேலணைக்குப் போன் மேல் போன் போட்டுத் தண்ணீர் திறக்கவைத்தார். அது வந்து சேர்ந்து தள்ளத் தள்ள, ஆறாம் நாள் எண் இருநூற்றுக்குக் கீழே இறங்கியது. நீர்த்தேக்கத்தில் உப்பு அளவைத் தாண்டவில்லை. கருவி இப்போது குழாய் வாய்க்கு நேராக ஆழத்தில் தொங்குகிறது. படகுக்கு ஃபைல் உண்டு. பொறியாளர் தினமும் காலையில் போன் செய்து, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா இருக்கார்?" என்று கேட்கிறாராம். "கடல்லயே தூங்குறாரு சார்" என்று பதில் வந்தால்தான் அவருக்குத் தேநீர் இறங்குமாம்.

ஆனால் பம்ப் நின்றிருந்த அந்த ஆறு நாளும் ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். நான்காம் நாள் மீட்டரம்மாவின் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வேலை முடிந்து வந்தவர், காக்கிச் சட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, குடத்தோடு வரிசையின் கடைசிக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரி, மீட்டரம்மா கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் என்றே நினைப்பவள். இடுப்பில் கைக்குழந்தை, காலடியில் குடம், வாயில் நெருப்பு.

"ஆத்துல தண்ணி ஓடுதுக்கா. நான் பாத்துட்டுத்தான் வர்றேன். எவளோ ஒருத்தி போய் ஏதோ சொல்லி மூடவெச்சுட்டாளாம். அவ கைல கெடச்சா..."

"அதச் சொல்லு," என்றார் மீட்டரம்மா. "பைத்தியக்காரி. நானும் நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இருக்கேன்."

"கேளுக்கா! உனக்குத்தான் வாய் உண்டே!"

"கேக்கிறேன், கேக்கிறேன்."

லாரிக்காரர் குழாயை நீட்டினார். தொட்டியின் அடியில் இன்னும் ஒரு குடத்துக்குத்தான் இருக்கும்போலத் தண்ணீர் மெலிந்து விழுந்தது. குழந்தை அழத் தொடங்கியது. மீட்டரம்மா தன் குடத்தைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டு, குனிந்து, எதிர்வீட்டுக்காரியின் குடத்தை எடுத்துக் குழாய்க்கு நேராக வைத்தார்.