படத்துக்காக மெலிந்த முகம்

எனக்கு லூபஸ். என் உடம்பே என்னை அடிக்கும் வருத்தம். மூட்டில் தொடங்கித் தோலுக்கு வந்து, கடைசியில் சிறுநீரகத்தில் போய்க் குந்திக்கொண்டது. ஆயுள் முழுக்க மருந்து என்றார் டொக்டர். ஸ்டீரொயிட் குளிசையால் என் முகம் ஊதிப்போனது. நான் பொறுத்துக்கொண்டேன். அம்மாவால் முடியவில்லை. கனடா மாப்பிள்ளை ஒருவருக்கு என் படம் அனுப்ப வேண்டியிருந்தது.

எங்கள் வெள்ளவத்தை ஃபிளட்டில் காலைத் தேநீரோடு குளிசைகளையும் சோசரில் வைத்துத் தருவது அம்மாதான். எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள். எது எதுவென்று பார்த்து விழுங்கும் பொறுமை எனக்கில்லை. சில வாரங்களில் கன்னம் வற்றியது. மடைச்சி, நானும் கண்ணாடி பார்த்துச் சந்தோஷப்பட்டேன். சேலை கட்டி, காலி வீதி ஸ்டூடியோவில் படம் எடுத்தோம்.

பிறகு கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்தது. படியேற மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் மறித்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

"குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம்" என்றேன், எரிச்சலோடு.

அம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஸ்டீரொயிட் பாதிதான் குடுத்தனான், டொக்டர். மிச்சத்துக்கு விற்றமின் வைச்சனான். படம் எடுக்கும் மட்டும்தானே எண்டு நினைச்சன்."

கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு மூச்சில்லை. பக்கத்துக் கட்டில் பெண், "தாய் மனசுதானே" என்றாள். அந்த மனசைக் கொண்டுபோய்க் கடலில் போடட்டும். என் சிறுநீரகத்தில் ஒரு பங்கு பழுதாகிவிட்டது, அது இனித் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குளிசையைக் குறைப்போமா என்று அம்மா கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன். அது தெரிந்துதான் அவர் கேட்கவில்லை. என் உடம்பை என்னிடம் கேளாமலே பேசி முடித்துவிட்டார்.

சில நாள் கழித்து, வாயெல்லாம் பல்லாக ஃபோனோடு வந்தார்.

"படம் பிடிச்சிட்டுதாம். மாப்பிள்ளையின்ர தாய் லைனில நிக்கிறா. ரெண்டு வார்த்தை கதை பிள்ளை. வருத்தத்தைப் பற்றி மூச்சும் விடாத."

வாங்கினேன்.

"அன்ரி, நான் ஆஸ்பத்திரியில இருந்து கதைக்கிறன். எனக்கு லூபஸ். சாகுமட்டும் குளிசை போடவேணும். அதைக் குறைச்சதாலதான் படத்தில முகம் அப்பிடி இருக்கு. குளிசை போட்டால் திரும்ப ஊதும்."

அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டார்கள்.

அம்மா கட்டிலின் விளிம்பில் இருந்து அழத் தொடங்கினார். என் சிறுநீரகத்துக்கு அழாதவர், அதற்கு அழுதார்.