செவ்வாய்க்கு இறுக்கிய ஸ்குரூ

1. திருத்தம்

ஒஸ்லோவில் ஒரு விஞ்ஞானக் காட்சிசாலையில் நான் வக்ட்மேஸ்டர். பல்பு மாற்றுவது, கதவுக்கு எண்ணெய் விடுவது, ஓடுகிற மெஷின்களைப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. முன்பு நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில், மீன் ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்டேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆட்களோடு கதைக்கக் கூச்சம். மெஷினோடு அந்தக் கரைச்சல் இல்லை.

சேர்ந்து ஆறாவது மாதம். சோதனைக் காலம் முடிய இரண்டு கிழமை இருந்தது. நிரந்தர வேலைக் கடிதம் வந்தால்தான் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு பார்க்கலாம் என்று மனைவி காலையிலும் மாலையிலும் நினைவூட்டுவாள்.

அப்போது பழைய கிரேக்க வானியல் பற்றி ஒரு கண்காட்சி வந்தது. நடுவில் மேசை அளவில் ஒரு மாதிரி. மையத்தில் அசையாத பூமி. அதைச் சுற்றிப் பெரிய சக்கரம். அதன் விளிம்பில் சின்னச் சக்கரம். சின்னதன் ஓரத்தில் ஒரு சிவப்பு உருண்டை, அதுதான் செவ்வாய். கைபிடியைச் சுற்றினால் எல்லாம் ஓடும்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் தூசு துடைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். உருண்டை முன்னுக்குப் போனது. தயங்கி நின்றது. பிறகு பின்னுக்கு வந்தது. மறுபடி முன்னுக்கு.

மீன் பெல்ட் இப்படி வந்தால் தொழிற்சாலையே நிற்கும். கிளீனிங் வேலை செய்யும் மன்னார்க்காரர் சீலன் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பல்லு வழுக்குது போல. அஸ்த்ரிட்டைக் கேளுமன்," என்றார். அஸ்த்ரிட் எங்கள் மேலாளர்.

"நாளைக்கு விழா அண்ணை. அவ ஓடித் திரியிறா. இதுக்குப் போய்க் கரைச்சல் குடுக்கிறதே?"

"உமக்கு அவவோட கதைக்க வெக்கம். அதைச் சொல்லும்!"

சின்னச் சக்கரத்தை ஓட்டிய பல்லுச் சக்கரத்தைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தேன். சின்னதைப் பெரியதோடு சேர்த்து ஒரு ஸ்குரூ போட்டு இறுக்கினேன். அரை மணித்தியால வேலை. செவ்வாய் தயக்கமே இல்லாமல் வட்டமாக ஓடியது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

2. விழா

மண்டபம் நிறைய ஆட்கள். அஸ்த்ரிட் கைபிடியைப் பிடித்துக்கொண்டு விளக்கினார்.

"செவ்வாயை மாதக்கணக்காப் பாத்தால், நட்சத்திரங்களுக்கு நடுவில அது கொஞ்ச நாள் பின்னுக்குப் போறது தெரியும். கிரேக்கர் அதை அளந்து வச்சினம். ஆனா பூமி நடுவில நிக்குது, வானத்தில எல்லாம் வட்டமாத்தான் ஓடும் எண்டு நம்பினவை. அப்ப பின்னுக்குப் போறதை எப்பிடிக் காட்டுறது? வட்டத்துக்கு மேல இன்னொரு வட்டம் வச்சினம். பாருங்கோ, இப்ப பின்னுக்கு வரும்."

சுற்றினார். வரவில்லை.

"இப்ப வரும்."

மூன்று சுற்றாயிற்று. செவ்வாய் முன்னுக்கே போய்க்கொண்டிருந்தது.

முன்னால் நின்ற கிழவர் கேட்டார்: "ஸ்டோவ்னர் ரெயில் மாதிரி இதுவும் பிந்துதோ?"

சனம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பேசாமல் நின்றால் மாதிரியைச் செய்த கொம்பனியின் தலையில் பழி விழும். எனக்கு வேலைக் கடிதம் வந்துவிடும். ஆனால் அஸ்த்ரிட்டின் கழுத்து சிவந்துகொண்டே போனது. சீலன் அண்ணை என் முதுகில் விரலால் குத்தினார்.

"போமன்!"

ஸ்குரூட்ரைவரோடு முன்னுக்குப் போனேன். "அது நான்தான். பழுதெண்டு நினைச்சுத் திருத்திப் போட்டன்."

"என்னத்தைத் திருத்தினீர்?"

"செவ்வாய் பின்னுக்கு வந்தது. இனி வராது."

அஸ்த்ரிட் என்னையே பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "ஆயிரம் வருஷத்துக்கு மேல உலகம் இதை வச்சுத்தான் வானத்தைக் கணக்குப் பாத்தது. நீர் ஒரு ஸ்குரூவில முடிச்சிட்டீர்!"

எல்லோருக்கும் முன்னால் ஸ்குரூவைக் கழற்றி, பல்லுச் சக்கரத்தைத் திரும்பப் பூட்டினேன். செவ்வாய் பின்னுக்கு வந்தது. கைதட்டினார்கள். அந்தத் துணிவில் கேட்டுவிட்டேன்.

"பூமியெல்லோ சூரியனைச் சுத்துறது? நடுவில பூமியை வச்சதும் பிழைதானே. அதையும் திருத்தவோ?"

"ஐயோ, அதைத் தொடாதையும்!"

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அதைத் தரும்போது அஸ்த்ரிட் ஒன்றே ஒன்று சொன்னார்: "இனி முதல்ல கேளும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஸ்குரூட்ரைவரை எடுக்க முதல் நோர்வேஜிய மொழியில் நாலு சொல் பழகுங்கள்: "ஸ்கால் தெ வாரெ சொன்?" இது இப்படித்தான் இருக்க வேணுமோ? நான் கேட்கத் தொடங்கிய பிறகு, பழுதுகளில் பாதி பழுதே இல்லை என்று தெரிந்தது.