கொட்டகையில் அப்பாவின் குரல்

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய பாட்டை அனுப்பியிருந்தார். அந்தப் பாட்டு வந்தது, வெளியூர்களில் மூன்றே நாளில் தூக்கப்பட்ட ஒரு படத்தில். எங்கள் நெய்வேலி சினிமாக் கொட்டகையில் மட்டும் அது ஞாயிறுதோறும் நிரம்பியது. நாயகி "துணைக்கு யாருண்டு?" என்று பாடியதும் கொட்டகையே எழுந்து, "நாங்க இருக்கோம்மா!" என்று கத்தும். அப்பாவின் கட்டைக்குரல் தனியாகக் கேட்கும்.

ஒரு ஞாயிறு, அப்பா ஷிப்டுக்குப் போன சுரங்கத்தில் மண் சரிந்தது. அவர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் படத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டே என்னைக் கொட்டகைக்கு இழுத்துப்போனாள். விதிப்படி அது சஸ்பென்ஷன் குற்றம்.

"டிக்கெட் இல்லாம உள்ள வுட மாட்டேம்மா," என்றார் காவலாளி. வாசலிலேயே நின்றோம். பாட்டு வந்தது, எல்லோரும் கத்தினார்கள்.

"உங்கப்பா குரல் கேட்டுச்சாடி?"

"கேட்டுச்சும்மா," என்றேன். கேட்கவில்லை.

கடைசி ஆள் வெளியேறும்வரை அம்மா சிரித்த முகமாக நின்றாள்.

பிறகு சுரங்க அலுவலகத்தில் முப்பது வருடம் வருகைப் பதிவேடு பார்த்தேன். வராதவருக்கு நான் வருகை போட்டது அன்று கொட்டகை வாசலில், அந்த ஒருமுறைதான். பாட்டை அழித்துவிட்டேன்.