காளீஸ்வரி தாங்கிய தென்னை

வடகரையில் மினி ஹிட்டாச்சி வண்டி ஓட்டும் காளீஸ்வரிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பெயர். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ போய்விடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். அவள் அதன் நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சித்தாளாகப் போன இடங்களில் கொத்தனார்கள் திட்டித் தீர்த்தார்கள். மண் தோண்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குணத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. அவள் அவசரப்படுவதே இல்லை. மண்ணுக்குள் இறங்கும் வாளியில் தட்டுவது வேரா கல்லா என்று லீவரைப் பிடித்த உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். வண்டியின் சொந்தக்காரர் அய்யாக்குட்டி, மரம் தள்ளி மனை சுத்தம் பண்ணும் வேலை வந்தால் அவளைத்தான் அனுப்புவார்.

போன ஆனியில் அப்படி ஒரு வேலை வந்தது. கடையநல்லூர் ஷஹானா வடகரையில் வீடு கட்ட ஒரு மனை வாங்கியிருந்தாள். கணவர் துபாயில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னால் நின்றாள். மனையில் பதினோரு தென்னைகள், காய்ப்பு நின்று வருஷக்கணக்கானவை. மாரிராஜ் அண்ணாச்சி மரத்தில் ஏறி உச்சியில் வடம் கட்டுவார். காளீஸ்வரி தூரைச் சுற்றித் தோண்டி வேரை அறுத்து, வாளியை உயர்த்தித் தள்ளுவாள். எதிர்ப்பக்கம் டிராக்டர் இழுக்கும். பத்து மரங்கள் சொன்ன பேச்சுக் கேட்டு விழுந்தன.

பதினோராவது மரத்துக்கு வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. தண்டு வழுக்கியதால் மாரிராஜ் ஏறத் தயங்கினார். இது சின்ன மரம்தானே, வடம் இல்லாமலே தள்ளிவிடலாம் என்று காளீஸ்வரிதான் சொன்னாள். வண்டியைக் கிழக்கே நிறுத்தி, அந்தப் பக்கத்து வேர்களை அறுத்து, வாளியைத் தண்டில் வைத்தபோது செங்கோட்டைக் கணவாயிலிருந்து ஒரு காற்று வந்தது. மேற்கே விழ வேண்டிய மரம் திரும்பி அவள் மேலேயே சாய்ந்தது. வாளி தாங்கிக்கொண்டது. வண்டியின் பின்சக்கரப்பட்டை மண்ணில் ஒரு முழம் அமிழ்ந்து நின்றது.

அவளுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. அதில் ராத்திரி டியூட்டி முடிந்து வந்த போலீஸ்காரி உமாராணி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாரிராஜ் காளீஸ்வரியை இறங்கி ஓடிவிடச் சொன்னார். வாளியைத் தூக்கிப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. கை எடுத்தால் மரமும் இறங்கும்.

"வீட்டுல ஆள் இருக்கு அண்ணாச்சி. முதல்ல அவியள எழுப்புங்க. நா இருந்துக்கிடுதேன்" என்றாள்.

அவர் ஓடினார். அவள் லீவரை அசைத்து வாளியை நூலளவு நூலளவாக மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் சாரல் பூத்து வழிந்தது. காற்று வரும்போது மரம் லேசாக ஆடும்; அந்த ஆட்டம் வாளி வழியாக இறங்கி அவள் தோளுக்கு வரும். ஒருமுறை தென்காசி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு குழந்தை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள். அந்தக் குழந்தையின் வாய்ச்சூடு இப்போது தோளில் படுவதுபோல் இருந்தது. பயம் எங்கோ தூரத்தில் கேட்டது. எஞ்சின் சத்தமும் தணிந்து, தான் பச்சைத் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

"யக்கா, கண்ண மூடிராதிய."

வேலிக்கு அப்பால், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்கம் கலையாத முகத்தோடு உமாராணி நின்றாள். வீடு காலி என்று கையை அசைத்துக் காட்டினாள். காளீஸ்வரி இப்போது குதித்து ஓடியிருக்கலாம். ஆனால் குதிக்கும் நேரத்துக்குள் மரம் அவள் உட்கார்ந்திருக்கும் கூண்டின்மேல் வந்துவிடும் என்று கைக்குத் தெரிந்தது.

பிறகு நடந்ததை அவள் கனவு மாதிரியே பார்த்தாள். உமாராணி போலீஸ் விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிபவள். மாரிராஜ் ஒரு கல்லில் நைலான் கயிற்றைக் கட்டிக் கொடுக்க, அவள் பக்கவாட்டில் தள்ளி நின்று உச்சிக்கு வீசினாள். இரண்டு முறை மட்டையில் பட்டுத் திரும்பியது. மூன்றாவது முறை கல் குருத்துக்கு மேலாகப் போய் மறுபக்கம் இறங்கியது. அந்தக் கயிற்றில் வடத்தைக் கட்டி மேலேற்றிச் சுருக்குப் போட்டு இறுக்கினார்கள். டிராக்டர் முனகியது. காளீஸ்வரி வாளியை மெல்ல உயர்த்தினாள். தோளிலிருந்த கனம் விலகுவதை முதலில் உடம்பு உணர்ந்தது. அதற்கப்புறம்தான் மரம் மேற்கே விழுந்த சத்தம் கேட்டது.

எஞ்சினை அணைத்த பிறகும் விரல்கள் லீவரை விடவில்லை. உமாராணி ஏறி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். ஷஹானா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"தப்பு எம்மேலதாம்மா. வடம் வேண்டாம்னு சொன்னது நாந்தான்" என்றாள் காளீஸ்வரி.

ஷஹானா பக்கத்தில் வந்து, மரத்தூளும் சேறும் படிந்த அவள் நெற்றியைத் தன் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டாள்.

உமாராணி காளீஸ்வரியைக் கூட்டிப்போய்த் தன் கட்டிலில் படுக்கவைத்தாள். படுக்கையில் இன்னும் உமாராணியின் தூக்கத்துச் சூடு இருந்தது. காளீஸ்வரி அந்தச் சூட்டுக்குள் அப்படியே இறங்கித் தூங்கிப் போனாள்.

கண் விழித்தபோது சாயங்காலம் மணி நான்கு. உமாராணி சாவியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போயிருந்தாள். வெளியே சாரல் நின்றிருந்தது. வெறுமையான மனைக்கு மேலே மலை முழுசாகத் தெரிந்தது. அதன் இடுக்கில், மழைக்கு மட்டும் பிறக்கும் பெயரில்லாத ஓர் அருவி வெள்ளை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. காளீஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.