கண்ணை மூடி ஆடிய ஆட்டம்

எவர்சில்வர் தட்டில் இருபது முகப் பகடை விழும் சத்தம் இருக்கிறதே… எங்கள் டோல்கேட் ஏரியாவில் போகும் கண்டெய்னர் லாரியின் ஹாரனையும் தாண்டிக் கேட்கும். தரையில் உருட்டினால் பகடை பீரோவுக்கு அடியில் ஓடிவிடும். அதனால் நண்பன் தில்லியின் வீட்டு மாடி ரூமில் நாங்கள் செய்த ஏற்பாடு அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சில் பூசை முடிந்து ஸ்டெல்லா பிரியாணிப் பொட்டலத்தோடு வருவாள். அப்புறம் தில்லி, ஆரோக், நான். ஆடுவது ரோல்பிளே கேம். நான் டி.எம்., அதாவது கதை சொல்பவன், அம்பயரும் அவனே. மற்ற மூவரும் கதைக்குள் நடப்பவர்கள். காடு, இடிந்த கோட்டை, புதருக்குள் கொள்ளைக்காரன்.

சிக்கலே அந்தப் புதருக்குள் இருப்பவன்தான். “சுத்திப் பாருங்க, பகடை போடுங்க” என்று நான் சொன்னால் போதும்… சின்ன எண் விழுந்தால் ஆட்டப்படி எதுவும் தெரியக்கூடாது; ஆனாலும் உருட்டச் சொன்னதிலேயே உஷாராகி மூவரும் கத்தியை உருவிவிடுவார்கள். சரி என்று நானே ரகசியமாக உருட்டினால் தில்லி குதிப்பான்.

“நீயே உருட்டிக்கினு நீயே எங்கள போட்டுத் தள்ளுவியா? நல்லா கீது நைனா உன் நியாயம்!”

ஆரோக் வேறு ரகம். மணலியில் ஒரு பிளான்ட்டில், கம்ப்ரசர் ரூமில் கான்ட்ராக்ட் வேலை. ஆட்டத்தில் கூட்டத்துக்குக் கடைசியில் நடக்கும் காவல்காரன். நான் யாரை எங்கே பதுக்கினாலும் பகடையைத் தொடாமலே என் முகத்தைப் பார்த்து, “எவனோ கீறான்டா” என்பான்.

செம கடுப்பு எனக்கு. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன், அளக்க முடியாத எதையும் நம்பமாட்டேன். ஒரு ஞாயிறு புது ரூல் போட்டேன். பகடை கிடையாது. மூவரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் பின்னால் நடப்பேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு. யாருக்கும் கேட்காவிட்டால் தாக்குதல்.

முதல் தடவை. ஸ்டெல்லா கை தூக்கினாள். தில்லியும். ஆரோக் மடியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அடுத்த தடவை காலைத் தேய்த்தே நடந்தேன். அதேதான்.

நடிக்கிறான் என்று நினைத்தேன். நேராக அவன் முதுகுக்குப் பின்னால் போய், சாதாரணக் குரலில், “ஆரோக், உன் கழுத்துல கத்தி கீது” என்றேன்.

அசையவில்லை.

ஸ்டெல்லா கண்ணைத் திறந்துவிட்டாள். தில்லியும். “ஆரோக்…” என்றாள் அவள். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவனே ஒரு கண்ணைத் திறந்தான்.

“இன்னாடா, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலயா?”

எத்தனை ஞாயிறு பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடியிருக்கிறோம்!

ஸ்டெல்லாதான் அவன் எதிரே போய்க் குந்தினாள். “எப்பத்திலேர்ந்துடா காது கேக்கல?”

“கம்ப்ரசர் ரூமுக்குப் போனதுலேர்ந்து… அந்த சத்தத்துல கொஞ்சங் கொஞ்சமா. பேசறவன் மூஞ்சி, வாயப் பாத்தா புரிஞ்சிரும். வெளிய சொல்லிடாதீங்கப்பா. அடுத்த வாரம் மெடிக்கல். பாஸானா பர்மனென்ட்.”

எனக்கு நாசூக்கெல்லாம் வராது. நேராகக் கேட்டேன். “கேஸ் லீக்காயி அலாரம் அடிச்சா இன்னா பண்ணுவ?”

“ஓடுறவனப் பாத்து ஓடுவேன்.”

“தனியா இருந்தா?”

யோசித்தான். “நைட் டூட்டி தனியாத்தான் மாமு.”

தில்லி எவர்சில்வர் தட்டை எடுத்து ஓரமாக வைத்தான்.

“மெடிக்கல்ல காது டெஸ்ட் கீதே, அதுக்கு?” என்றாள் ஸ்டெல்லா.

“கண்ணாடி ரூமுல உக்கார வெப்பாங்க. வெளிய ஒருத்தன் பட்டன் அமுக்குவான். அமுக்குறப்போ தோளு அசையும்ல? அத்தப் பாத்து கை தூக்கிருவேன்.”

எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான்!

“பாஸாயிருவ. அப்பால ஒருநாள் செத்துருவ” என்றேன்.

“போடா டேய்.” செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டான்.

மெடிக்கல் அன்று சாயங்காலம் மாடி ரூமுக்கு அவனாகவே வந்தான். ஹெட்ஃபோன் மாட்டினார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ஆளின் தோள் நன்றாகவே தெரிந்ததாம்.

“அப்பறம்?” என்றான் தில்லி.

“கண்ண மூடிக்கினேன்டா.”

வேலை போனது. பர்மனென்ட் மட்டுமல்ல, கான்ட்ராக்டும்தான்.

இப்போது ஆரோக் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறான். பகல் வேலை, சம்பளம் குறைச்சல். காதில் மெஷின். அதை முதலில் மாட்டிய அன்று ரோட்டில் நின்று, “டோல்கேட்டு இவ்ளோ கத்துதா? எப்டிடா இருக்கீங்க இதுல?” என்று எங்களையே திட்டினான்.

ஆட்டமெல்லாம் இப்போது போனில். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் வசதிக்கு. யார் கவனித்தது, யார் ஏமாந்தது என்பதை ஆப்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. சண்டையே இல்லை… அதனால்தானோ என்னவோ, சீக்கிரம் போரடித்துவிடுகிறது.

பையனுக்கு வரவேண்டிய வேலையை நாங்கள்தான் பேசிக் கெடுத்தோம் என்று ஆரோக்கின் அம்மாவுக்கு இன்னும் கோபம். போன வாரம்கூட ராயபுரம் மீன் மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிக்கொள்ளட்டும். பை நிறைய சங்கரா வாங்கியிருந்தார். ராத்திரி சாப்பிட அவன் வீட்டில் இருப்பான்.