பர்சோன் போட்ட தேதி

மும்பைத் துறைமுகத்தில் எங்கள் கம்பெனிக்கு வேலை பார்க்கும் யூனுஸ் பாய், ஒரு புதன்கிழமை சாயங்காலம் என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். மஞ்சள்தூள் ஏற்றிய எங்கள் கண்டெய்னர் கிரேனில் தொங்கியபடி கப்பலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ‘லோடட், மாணிக்கம் சாப்’ என்று கீழே எழுதியிருந்தார்.

சந்தோஷப்பட வேண்டிய போட்டோ. நானோ எங்கள் பில்லின் நகலைத் தேடி எடுத்தேன். அந்தச் சரக்கு சனிக்கிழமையே கப்பல் ஏறிவிட்டது என்று எங்கள் கம்பெனி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமையே கஸ்டமர் தாமோதரனிடம் பில் கொடுத்தாகிவிட்டது.

சரக்கு அனுப்பும் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ‘பெருமைக்குச் சொல்லவில்லை’ என்று ஆரம்பிப்பது சிலருக்கு வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏழாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. லாரிக்குத் தார்ப்பாய் கட்டிப் பிழைத்தவன், இன்றைக்கு பேகம்பேட்டில் சொந்த ஆபீஸ் வைத்திருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் தடுமாறும். ஆனால் என் கம்பெனி பெயர் போட்ட காகிதத்தை ஹாம்பர்க்கில் இருக்கிற பேங்க் சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்கிறது. ஐதராபாத்தில் எத்தனை பேர் இதைச் சொல்ல முடியும்?

1. முந்தாநாளா, நாளன்றைக்கா

பி.எல். என்று நாங்கள் சொல்லும் பில் ஆஃப் லேடிங் வெறும் ரசீது இல்லை. இன்ன சரக்கு இன்ன தேதியில் கப்பல் ஏறியது என்று நாங்கள் சொல்கிற சாட்சி, மூன்று ஒரிஜினலாகக் கொடுப்போம். வாங்குகிறவன் ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கிறான், வந்து பார்க்க அவனால் முடியாது. அவனுக்காக எல்.சி. என்ற உத்தரவாதம் கொடுத்த பேங்க், எங்கள் தேதியை நம்பித்தான் பணத்தை விடும். எல்.சி.யில் ஒரு கடைசி நாள் போட்டிருக்கும். இந்தச் சரக்குக்கு அது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை என்றால் பேங்க் பணம் கொடுக்கும். புதன்கிழமை என்றால் முடியாது என்று திருப்பி அனுப்பலாம்.

பில்லில் கையெழுத்துப் போட்டது வித்யா. கும்பகோணத்துப் பெண், எம்.பி.ஏ. படித்தவள், எங்களிடம் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கூப்பிட்டுப் போட்டோவைக் காட்டினேன்.

“யூனுஸ் பாய்கிட்ட கேட்டுட்டுதானேம்மா தேதி போட்ட?”

“கேட்டேன் சார். திங்கட்கிழமை போன் பண்ணேன். ‘பர்சோன் கா ஜஹாஸ் ஹை’ன்னார். ஜஹாஸ்னா கப்பல், பர்சோன்னா முந்தாநாள். அதான் சனிக்கிழமை போட்டேன். நான் ஹிந்தி பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணியிருக்கேன் சார்.”

“முந்தாநாளும் பர்சோன்தான், நாளன்னைக்கும் பர்சோன்தான். நம்ம யூனுஸ் பாய் பொறந்து வளர்ந்தது ஐதராபாத் பழைய சிட்டியில. அவருக்குப் போன ரம்ஜானும் பர்சோன், வரப்போற ரம்ஜானும் பர்சோன்.”

அவள் சிரிக்கவில்லை. “நான் வேலையை விட்டுடட்டுமா சார்?”

“நீ போயிட்டா தேதி மாறிடுமா? மூணு ஒரிஜினல் பில்லும் இப்ப எங்க இருக்கு?”

“தாமோதரன் சார் ஆபீஸ்ல. வெள்ளிக்கிழமை பேங்க்ல குடுக்கறாங்க.”

லைனர், அதாவது கப்பல் கம்பெனி, மாஸ்டர் பில் கொடுத்த பிறகுதான் நாங்கள் எங்கள் பில்லைப் போட வேண்டும். தொழிலில் அதுதான் முறை. திங்கட்கிழமை காலையிலிருந்து தாமோதரன் ஆபீஸ் போன் மேல் போன் போட்டதால், வித்யா வாய்வார்த்தையை நம்பிப் போட்டுவிட்டாள். போட்டோ வந்த அன்றைக்கே ஆபீஸில் சொல்லிவிட்டேன்: மாஸ்டர் பில் கையில் இல்லாமல், கேட்பது மந்திரியாக இருந்தாலும் நம் பில் வெளியே போகக்கூடாது. பர்சோன் என்ற வார்த்தைக்கும் ஆபீஸுக்குள் தடை. யூனுஸ் பாய்க்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

2. கச்சிபௌலியில் ஒரு சாப்பாடு

தாமோதரனும் நானும் சிக்கந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தமிழில் ஐதராபாத் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். நிஜாமாபாத் மஞ்சளை வாங்கி அரைத்து ஏற்றுமதி செய்கிறவர். என்னை நம்பி முதல் கண்டெய்னரைக் கொடுத்தவர். அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்த சரக்கில் பாதி அவருடையது. அவர் போனால் என் ஆபீஸில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. இது தெரிந்தேதான் வியாழக்கிழமை காலை, கச்சிபௌலி டிராபிக்கில் ஊர்ந்து அவருடைய ஆபீஸுக்குப் போனேன்.

“வா மாணிக்கம். கைக்கு மூஞ்சி இப்டி இருக்கு?”

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“தேதிய மாத்திப் போடுன்னு நான் சொன்னேனா?”

“இல்லண்ணா.”

“என் ஆளுங்க யாராவது சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? உன் ஆளு தப்பா கேட்டா, தப்பா போட்டா. எனக்கு சாமியா பாத்து செஞ்ச உதவி இது. உண்டியல்ல சேர்த்துப் போட்டுடறேன், கிளம்பு.”

“உண்டியல் சாமியோடது. கையெழுத்து என் கம்பெனியோடது. பில்ல திரும்பக் குடுங்க, சரியான தேதி போட்டுத் தரேன்.”

“நக்கோ. சரக்கு நல்ல சரக்கு. கப்பல் லேட்டா வந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? அங்க மார்க்கெட் எறங்கிக் கெடக்கு. தேதி தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சா, வாங்கறவன் வெலய கொறைன்னு கழுத்துல ஏறி உக்காருவான்.”

“உக்காரட்டும். அது அவன் உரிமை. பேசிப் பாக்கலாம்.”

“பேசறதுக்கு நீ இங்கிலீஷ் படிச்சியா? ஏழாவது ஃபெயிலு. உன்ன நம்பி நான்தான் மொதல் கண்டெய்னர் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?”

“ஹவ்ண்ணா, இருக்கு. அதனாலதான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன். வேற யாராவதா இருந்தா பேங்குக்கு மெயில் போட்டுட்டுதான் வந்திருப்பேன்.”

அவர் முகம் மாறியது. “மெரட்டுறியா?”

“செய்யப்போறதச் சொல்றேன். நேத்து அந்தப் போட்டோ வர்ற வரைக்கும் அது மிஸ்டேக். இப்ப உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்கு பேங்க்ல அதக் குடுத்தா அது பொய். நாளைக்கு நீங்க குடுத்தா, நாளைக்கே நான் பேங்குக்கு எழுதுவேன்.”

“இந்த ஊர்ல எனக்கு வேற ஃபார்வர்டர் கெடைக்க மாட்டானா?”

“கெடைப்பான். உங்களுக்காகத் தேதி மாத்தியும் குடுப்பான். ஆனா நாளைக்கு நீங்க வெளிநாட்டுல சரக்கு வாங்கும்போது, உங்கள ஏமாத்தறவனுக்கும் அவனேதான் மாத்திக் குடுப்பான்.”

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. யார் யாரோ வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள், என்னைப் பார்த்து, ஏன் இந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்திருப்பார்கள். மத்தியானம் சாப்பாடு வந்தது. அந்தக் கோபத்திலும், “இவனுக்கும் ஒரு தட்டு வை” என்றார். சேர்ந்து சாப்பிட்டோம். ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் உப்புக் கிண்ணத்துக்குக் கை நீட்டினோம்.

கை கழுவி வந்து, மேஜை டிராயரிலிருந்து கவரை எடுத்து என் முன்னால் போட்டார். “எடுத்துட்டுப் போ. இனிமே என் சரக்கு உன் வாசலுக்கு வராது.”

“சரிண்ணா” என்று எடுத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்ல முடியும்?

3. அதற்குப் பிறகு

மூன்று ஒரிஜினலையும் கேன்சல் செய்தோம். மாஸ்டர் பில் வந்ததும் புதன்கிழமைத் தேதியில் புது பில் போட்டோம். வித்யாவையே கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒரு தப்புக்காகப் பேனாவைப் பிடுங்கிவிட்டால், அடுத்த தப்பை ஒளித்துவைக்கத்தான் ஆள் பழகுவான்.

தாமோதரன் சார்பில் ஜெர்மனிக்கு மெயில் போனது. கூடவே எங்கள் கம்பெனியின் மெயிலும் போனது. வித்யா அதில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று அழகாக எழுதியிருந்தாள். அடிக்கச் சொன்னேன். தவிர்த்திருக்கலாம், நாங்கள் தவிர்க்கவில்லை. ‘முதல் பில்லில் தேதி தவறு, தவறு எங்களுடையது’ என்று எழுதச் சொன்னேன். வாங்குகிறவர் எல்.சி. தேதியைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டார். தாமோதரன் பயந்தபடியே விலையையும் குறைத்தார். அந்த அடி தாமோதரனுக்கு நிஜமான அடி, அதை நான் மறைக்க மாட்டேன்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அவருடைய சரக்கு எங்களுக்கு வரவே இல்லை. ஆபீஸில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வாரங்கலுக்கும் கரீம்நகருக்கும் பஸ் ஏறினேன். மிளகாய்க்காரர்கள், அரிசி மில்காரர்கள், கிரானைட் கல் வெட்டுகிறவர்கள் என்று கதவு கதவாகத் தட்டினேன். பாதிப் பேர் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். மீதிப் பேர் சரக்குக் கொடுத்தார்கள். ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. என் வயதில் வேறு எவனும் இதைச் செய்திருக்க மாட்டான்.

சமீபத்தில் சிக்கந்திராபாத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் தாமோதரன் எனக்கு எதிர் வரிசை. பக்கத்தில் அவருடைய மருமகன், புதிதாக ஏற்றுமதியில் இறங்கியிருக்கிறவர். என்னைக் கைகாட்டி, சுற்றி இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி தாமோதரன் சொன்னார்:

“மாப்ள, இந்த ஆள நல்லா பாத்துக்குங்க. இவன்கிட்ட மட்டும் சரக்கக் குடுத்துட்டு ஒரு நாள் முன்ன பின்ன போடுன்னு கேட்டுடாதீங்க. செத்தாலும் போட மாட்டான். சரியான தலைவலி.”

எனக்கு எவ்வளவோ பேர் மேடையில் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. பிள்ளைகளே, கஸ்டமர் உங்களைப் புகழ வேண்டும் என்று வேலை பார்க்காதீர்கள். உங்களை விட்டுப் போனவனும் நாலு பேர் முன்னால் உங்களை இப்படித் திட்ட வேண்டும். அப்படி வேலை பாருங்கள்.